முதல் 14 நாட்கள்

எண்டோஸ்கோப்பி முடிந்ததும், குழந்தையின் இரைப்பையிலிருந்து கிள்ளி எடுத்த ஓரிரு மில்லிமீட்டர் சதைத்துணுக்கை நர்ஸ் ஒரு சிறிய பிளாஸ்டிக் குழிக்குள் இருக்கும் மஞ்சள் கூழில் அமிழ்த்துகிறார். அந்தக் கூழில் யூரியா இருக்கிறது. அமிலத்தன்மை குறைந்தால் நிறம் மாறும் சாயமும் இருக்கிறது. துணுக்கில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இருந்தால், அதன் யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அமோனியாவை வெளிவிடும். துணுக்கைச் சுற்றி முதலில் மெல்லியதாக ஓர் இளஞ்சிவப்பு வளையம் தெரியும். பிறகு அது பரந்து, கூழ் முழுவதும் ரோஜா நிறமாகிவிடும். கிருமி ஏராளமாக இருந்தால் சில நிமிடங்களில் இது நடக்கும். குழந்தைகளின் இரைப்பையில் கிருமி பெரும்பாலும் குறைவாகவும் திட்டுத்திட்டாகவும் இருப்பதால், மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியும் வரலாம்.

நிறம் மாறிவிட்டது என்று தெரிந்ததும் பெற்றோர் கேட்பது ஒன்றைத்தான். "கிருமி இருக்குன்னு தெரிஞ்சுபோச்சே டாக்டர், மருந்து ஆரம்பிச்சிடலாமா?" நியாயமான கேள்விதான். பெரியவர்களின் விஷயத்தில் பெரும்பாலும் "ஆமாம்" என்று பதில் சொல்லிவிடலாம். குழந்தைகளின் விஷயத்தில் அந்த "ஆமாம்" சொல்வதற்கு முன் யோசிக்க நிறைய இருக்கிறது. சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு அரைகுறையாக எதையும் செய்யக் கூடாது. குழந்தைக்குக் கொடுக்கும் முதல் சிகிச்சைதான் வெல்வதற்கு மிக அதிக வாய்ப்புள்ள சிகிச்சை. அதை வீணாக்கினால் அடுத்தது கடினமாகும்.

இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோயியல் மருத்துவர் ராபின் வாரன், 1979இல் இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களைக் கவனித்தார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. இளம் மருத்துவர் பேரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1982 ஈஸ்டர் விடுமுறையில், வழக்கமாக இரண்டு நாளில் தூக்கி எறியப்படும் வளர்ப்புத் தட்டுகள் கூடுதல் நாட்கள் இன்குபேட்டரிலேயே இருந்துவிட, மெதுவாக வளரும் இந்தக் கிருமி முதன்முதலாக ஆய்வகத்தில் முளைத்தது. 1984இல் மார்ஷல் அதைத் தானே குடித்துத் தன் இரைப்பையில் அழற்சியை உண்டாக்கிக் காட்டினார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் வருபவர்கள் எல்லோரும் பெரியவர்கள். அல்சரோடு வந்த நோயாளிகள் பெரியவர்கள், மருந்துகளைச் சோதித்ததும் பெரியவர்களிடம்தான். கிருமி குடியேறுவதோ பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வாழ்க்கையின் முதல் சில ஆண்டுகளில். தாயின் இரைப்பையில் உள்ள கிருமியின் மரபணு வரிசையையும் குழந்தையின் கிருமியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பல குடும்பங்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. வாய் வழியாகவோ, வாந்தி வழியாகவோ, மலம் கலந்த நீர் வழியாகவோ வீட்டுக்குள்ளேயே அது கைமாறுகிறது. இப்படித் தலைமுறை தலைமுறையாக வந்ததால், ஒவ்வொரு நிலப்பகுதி மக்களுக்கும் தனித்தனிக் கிருமி வகை உண்டாகிவிட்டது. மனிதர்கள் ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது இதுவும் கூடவே வந்தது என்று 2007இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு கணக்கிட்டது. ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த 5,300 ஆண்டுப் பழமையான எட்சி என்ற மனிதனின் வயிற்றிலும் இது இருந்தது. அந்தக் கிருமி இன்றைய ஐரோப்பியர்களிடம் காணப்படும் வகையைப் போல இல்லாமல், மத்திய ஆசியாவிலும் தெற்காசியாவிலும் இன்று உள்ள வகையை ஒத்திருந்தது என்று 2016இல் தெரியவந்தது.

இவ்வளவு காலம் கூடவே இருந்த ஒன்று, குழந்தையின் உடலில் எப்படி நடந்துகொள்கிறது? பெரும்பாலும் அமைதியாக. கிருமி உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பான்மையினருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் இரைப்பையின் கீழ்ப்பகுதி, புல்லரித்த தோலைப் போலச் சிறுசிறு முடிச்சுகளோடு தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் புண் அரிதாகத்தான் இருக்கும். இதற்கு ஒரு காரணம் குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலத்திலேயே இருக்கிறது. எதிர்ப்பைத் தூண்டும் செல்களோடு, எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் குழந்தையின் இரைப்பையில் கூடுதலாகத் திரள்கின்றன. அதனால் அதே கிருமி பெரியவரின் இரைப்பையில் கிளப்பும் அளவுக்கு அழற்சியைக் குழந்தையிடம் கிளப்புவதில்லை.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் வயிற்றுவலி. எட்டு வயதுப் பையன் தொப்புளைச் சுற்றித் தொட்டுக் காட்டி "இங்கதான் வலிக்குது" என்கிறான். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வலி, மாலையில் விளையாடப் போகும்போது இல்லை. வலி உண்மையானது, குழந்தை நடிக்கவில்லை. ஆனால் அந்த வலிக்கும் இந்தக் கிருமிக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டும் சான்று இல்லை. புண் இல்லாத குழந்தையிடம் கிருமியை ஒழித்தாலும் வலி அப்படியே இருக்கலாம், ஒழிக்காமலேயே போய்விடவும் செய்யலாம். அதனால்தான் ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் சேர்ந்த குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்டுவரும் வழிகாட்டுதல்கள் ஒன்றை அழுத்திச் சொல்கின்றன: பரிசோதனையின் நோக்கம் கிருமியைத் தேடிப் பிடிப்பது அல்ல, குழந்தையின் தொந்தரவுக்குக் காரணம் என்ன என்று கண்டறிவது. எனக்கு இது மருத்துவத்தில் மிக நல்ல அறிவுரைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. தேடாத இடத்தில் கிடைத்ததைக் குற்றவாளி ஆக்கிவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவதை நிறுத்திவிடுவோம். மலச்சிக்கலோ, பால் செரிக்காமையோ, பள்ளியில் யாரோ மிரட்டுவதோ கண்ணில் படாமலேயே போய்விடும்.

ரத்தத்தில் இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைக் குழந்தைகளுக்குச் செய்ய வேண்டாம் என்கின்றன அதே வழிகாட்டுதல்கள். கிருமி போய்ப் பல மாதங்கள் ஆன பிறகும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கியிருக்கும். அந்த முடிவை வைத்து ஆன்டிபயாடிக் தொடங்குவது, ஊரைவிட்டுப் போய்விட்டவரைப் பிடிக்க வீடு முழுதும் மருந்தடிப்பதில் போய் முடியலாம்.

அப்படியானால் யாருக்குச் சிகிச்சை? இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ புண் இருக்கும் குழந்தைக்கு நிச்சயமாக வேண்டும். இரும்புச்சத்து மருந்தைச் சரியாகக் கொடுத்தும் ரத்தசோகை தீராமல், வேறு காரணமும் கிடைக்காத குழந்தைக்குப் பரிசோதித்துப் பார்ப்பது பொருத்தம். காரணம் தெரியாமல் ரத்தத் தட்டுகள் நாட்பட்டுக் குறைந்திருக்கும் குழந்தைக்கும் பார்க்கலாம். வேறு காரணத்துக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது தற்செயலாகக் கிருமி தெரிந்தால், மருத்துவரும் பெற்றோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். "இப்போதைக்கு வேண்டாம்" என்பதும் அந்தப் பேச்சின் சரியான முடிவாக இருக்கலாம்.

ஜப்பானில் பார்வை வேறு. அங்கே இரைப்பைப் புற்றுநோய் அதிகம். சாகா மாகாணத்தில் 2016 முதல் நடுநிலைப் பள்ளியின் இறுதி ஆண்டு மாணவர்களைப் பரிசோதித்து, கிருமி உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் கொடுக்கிறார்கள். ஜப்பானின் குழந்தைகள் இரைப்பைக் குடல் மருத்துவர்களின் சங்கமோ, தொந்தரவு இல்லாத குழந்தைகளைத் தேடிச் சிகிச்சை கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்த வாதம் தீரவில்லை. இந்தியாவில் கிருமி பரவலாக இருந்தும் இரைப்பைப் புற்றுநோய் அந்த அளவுக்கு இல்லை. ஏன் என்பது ஆய்வாளர்களை நெடுங்காலமாகக் குடையும் கேள்வி. சாகாவின் கணக்கை அப்படியே நம் ஊருக்கு எடுத்துவர முடியாது.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். சிகிச்சை தேவை என்று முடிவாகிவிட்டது. மருத்துவர் எழுதித் தருவது ஒரு மருந்து அல்ல, குறைந்தது மூன்று: அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் அல்லது எசோமெப்ரசோல், அதோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகள், பெரும்பாலும் அமாக்ஸிசிலினும் அதற்குத் துணையாகக் கிளாரித்ரோமைசின் அல்லது மெட்ரோனிடசோலும். 14 நாட்கள், தினமும் இரண்டு வேளை. சாதாரணத் தொண்டைப் புண்ணுக்கு ஒரு சிரப் போதும் என்றிருக்க, இதற்கு ஏன் இவ்வளவு?

கிருமி இருக்கும் இடத்தைப் பாருங்கள். இரைப்பையின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தின் ஆழத்தில், செல்களை ஒட்டினாற்போல், வாலைச் சுழற்றி நீந்திப் போய் அது தங்குகிறது. ரத்தத்தின் வழியே வரும் மருந்து அங்கே போதுமான அளவு எட்டுவது சிரமம், வாய் வழியே வரும் மருந்தை இரைப்பை சீக்கிரம் குடலுக்குள் தள்ளிவிடும். அமிலம் கடுமையாக இருக்கும்போது கிருமி பெருகாமல் சும்மா இருக்கிறது. அமாக்ஸிசிலினோ, கிருமி இரண்டாகப் பிரியும்போது அதன் சுவர் உருவாகாமல் தடுத்துத்தான் கொல்லும். பெருகாத கிருமியிடம் அதற்கு வேலை இல்லை. கிளாரித்ரோமைசின் அமிலத்திலேயே சிதைந்துவிடக்கூடியது. ஆக, ஒமிப்ரசோலின் வேலை நெஞ்செரிச்சலைத் தணிப்பது மட்டும் அல்ல. அமிலத்தை அடக்கி, கிருமியை மறுபடி பெருக வைத்து, மருந்தின் கைக்கு எட்டும்படி செய்கிறது. "இது கேஸ் மாத்திரைதானே, வலி இல்லையென்றால் எதற்கு?" என்று அதை விட்டுவிடுபவர்கள், மற்ற இரண்டு மருந்துகளின் பலத்தையும் சேர்த்தே குறைக்கிறார்கள்.

அதிலும் குழந்தையின் கல்லீரல் ஒமிப்ரசோலைப் பெரியவர்களைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது. அதனால் எடைக்கு எடை பார்த்தால் குழந்தைக்குக் கூடுதல் அளவு தேவை. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மேற்சொன்ன வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு காலையில் 20, மாலையில் 20 மில்லிகிராம். பெரியவர்களுக்கு இதே சிகிச்சையில் வழக்கமாகக் கொடுக்கும் ஒமிப்ரசோலும் அவ்வளவுதான். "சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா" என்று பெற்றோர் பயந்து பாதியாக்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்; அளவு ஏன் அப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அளவைத் தீர்மானிப்பதும் மாற்றுவதும் மருத்துவர்தான். ஆனால் காரணம் தெரிந்தால் கை தயங்காது.

இரண்டு ஆன்டிபயாடிக்குகள் எதற்கு என்பது எண்ணிக்கையின் கணக்கு. இரைப்பையில் உள்ள கோடிக்கணக்கான கிருமிகளில் ஒரு மருந்துக்கு மசியாத சில ஏற்கெனவே பிறந்திருக்கும். முதல் மருந்துக்குத் தப்பியதை இரண்டாவது மருந்து பிடிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடர்ந்தால், தப்பியவை மட்டும் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

கிளாரித்ரோமைசின் கிருமியின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. அது ஒட்டும் இடத்தில், 23எஸ் ஆர்என்ஏ என்ற மூலக்கூறின் 2143ஆம் இடத்தில், அடினினுக்குப் பதிலாகக் குவானின் வந்துவிட்டால் மருந்துக்குப் பிடிமானம் போய்விடும். ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். மெட்ரோனிடசோலின் கதை வேறு. அது உள்ளே போகும்போது விஷம் அல்ல. கிருமியின் சொந்த நொதி ஒன்றுதான் அதை விஷமாக்குகிறது. அந்த நொதிக்கான மரபணு பழுதாகிவிட்டால், மருந்து கிருமிக்குள் தீங்கில்லாமல் கிடக்கும். இந்த இரண்டோடு ஒப்பிட்டால் அமாக்ஸிசிலினுக்கு எதிர்ப்பு அரிது. அதனால்தான் பென்சிலின் ஒவ்வாமை இல்லாத எந்தக் குழந்தைக்கும் அதை முதலில் வைத்து, துணைக்கு மற்ற இரண்டில் எது வேலை செய்யும் என்று தேடுகிறார்கள்.

அந்தத் தேடலுக்குச் சரியான வழி, எண்டோஸ்கோப்பியில் எடுத்த துணுக்கிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்ப்பது. அல்லது மேலே சொன்ன எழுத்து மாற்றத்தை நேரடியாக மரபணுச் சோதனையில் பார்ப்பது. வளர்ப்பது எளிதல்ல. ஆக்ஸிஜன் குறைந்த காற்றும் நாட்கணக்கான பொறுமையும் வேண்டும். நம் நாட்டில் பல இடங்களில் இந்த வசதி இல்லை. வசதி உள்ள இடத்தில் குழந்தைக்கு எண்டோஸ்கோப்பி செய்கிறார்கள் என்றால், இந்தப் பரிசோதனையும் உண்டா என்று பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.

வசதி இல்லாத இடத்தில் மருத்துவர் குழந்தையின் பழைய சீட்டுகளைப் புரட்டுவார். இந்த அத்தியாயத்தில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி இது. இருமல், சளி, காய்ச்சல் என்று வந்தபோதெல்லாம் குழந்தைக்கு அசித்ரோமைசின் கொடுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் வைரஸால் வந்த, தானே சரியாகக்கூடிய சளிக்கு. அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் ஒரே குடும்பம். ஒன்றுக்கு எதிர்ப்பு வந்தால் மற்றதுக்கும் வந்துவிடும். மூக்கில் உள்ள வைரஸை அந்த மருந்து தொடுவதே இல்லை. இரைப்பையில் யாருக்கும் தெரியாமல் இருந்த கிருமிக்கோ அது பயிற்சிக்களம். 2019ஆம் ஆண்டின் தனியார் விற்பனைத் தரவுகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், இந்தியாவில் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் வடிவம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரை. மெட்ரோனிடசோலும் அப்படித்தான். குழந்தைக்குப் பேதி என்றால் கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். உப்பு சர்க்கரைக் கரைசலும் துத்தநாகமும் போதும் என்ற இடத்தில் அது நுழைந்துவிடுகிறது. நம் நாட்டில் இந்தக் கிருமி மெட்ரோனிடசோலுக்கு மசிய மறுப்பது அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருப்பதில் வியப்பில்லை. கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்பு பெற்ற ஹெலிகோபாக்டர் பைலோரியை, புதிய மருந்துகள் அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் 2017இல் சேர்த்தது.

ஆக, மூன்று வயதில் சளிக்குக் கொடுத்த ஒரு சிரப், பத்து வயதில் அல்சருக்குக் கொடுக்கும் சிகிச்சையைத் தோற்கடிக்கலாம். பழைய மருந்துச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வைத்திருங்கள். மருத்துவருக்கு அது பரிசோதனை முடிவுக்கு அடுத்தபடியான தகவல்.

சரி, மருந்து வீட்டுக்கு வந்துவிட்டது. 14 நாட்களும் தவறாமல் கொடுப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும். கிளாரித்ரோமைசின் சிரப்பின் கசப்பு நாக்கிலேயே தங்கும். மெட்ரோனிடசோல் வாயில் உலோகச் சுவையை விட்டுப்போகும். "எல்லாச் சாப்பாடும் இரும்பு மாதிரி இருக்கும்மா" என்று குழந்தை தட்டை நகர்த்தும். மூன்றாம் நாள் வயிறு இளகும். அமாக்ஸிசிலின் பெரும்பாலும் பொடியாக வரும். காய்ச்சி ஆறிய நீரைப் பாட்டிலின் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும், கலக்கிய பிறகு லேபிளில் சொன்ன நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பல பாட்டில்களுக்கு அது ஒரு வாரம்தான். நடுவில் பாட்டில் தீர்ந்தபோது கடையில் இல்லை, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டதில் சிகிச்சை அறுந்துபோகும். முதல் நாளே எத்தனை பாட்டில் தேவை என்று கணக்குப் போட்டு வாங்கிவைப்பது, பொடியை மட்டும் கலக்காமல் வைத்திருப்பது, சின்ன விஷயம். ஆனால் சிகிச்சையைக் காப்பாற்றும். ஒமிப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளை நசுக்கக் கூடாது, நசுக்கினால் அமிலத்திலேயே கெட்டுவிடும். விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் கேப்சூலைத் திறந்து, குழைந்த ஆப்பிளில் மணிகளைத் தூவி, மெல்லாமல் விழுங்கச் சொல்லலாம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். பிஸ்மத் என்ற மருந்தும் சேர்ந்த சிகிச்சை என்றால் நாக்கும் மலமும் கறுக்கும். அது மருந்தின் நிறம், ரத்தம் அல்ல என்று முன்கூட்டியே தெரிந்தால் நள்ளிரவில் பதறி ஓட வேண்டியிருக்காது.

எல்லா வேளையும் கொடுத்து முடித்த பிறகு, குழந்தைக்கு வலி போய்விட்டது, நன்றாகச் சாப்பிடுகிறது. இதோடு முடிந்தது என்று தோன்றும். வலி போனதற்கும் கிருமி போனதற்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை என்று முன்பே பார்த்தோம். ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரமும், அமிலக் குறைப்பு மருந்தை நிறுத்திக் குறைந்தது 2 வாரமும் கழித்துப் பரிசோதிக்க வேண்டும். அதற்கு முன் பார்த்தால், ஒடுங்கிக் கிடக்கும் எஞ்சிய கிருமி கண்ணில் படாமல் பொய்யான நிம்மதி தரும். மறுபடி எண்டோஸ்கோப்பி தேவையில்லை. கார்பன்-13 என்ற, கதிரியக்கம் இல்லாத கரிமம் பொதிந்த யூரியாவைக் குழந்தை குடித்துவிட்டு ஒரு பைக்குள் ஊத வேண்டும். கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைக்க, மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடில் கார்பன்-13 கூடுதலாகத் தெரியும். சரியாக ஊதத் தெரியாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் இதன் துல்லியம் குறைவு. அவர்களுக்கு மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடும் சோதனை ஏற்றது.

முடிவு எதிர்மறை என்றால் நல்லது. கிருமி இன்னும் இருக்கிறது என்று வந்தால், அதே மருந்துகளை இன்னொரு முறை எழுதுவதில் பயனில்லை. பெரியவர்களுக்கு இந்தக் கட்டத்தில் டெட்ராசைக்ளினும் லெவோஃப்ளாக்சசினும் கையில் இருக்கும். குழந்தையிடம் டெட்ராசைக்ளின் வளரும் பற்களில் படிந்து நிரந்தரக் கறையை உண்டாக்கும் என்பதால் 8 வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளையும் வளரும் மூட்டுகளைக் கருதித் தவிர்க்கிறார்கள். எஞ்சுவது கூடுதல் அளவு அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல், பிஸ்மத் ஆகியவற்றின் சேர்க்கைகள்தான். அவற்றில் எதை எடுப்பது என்பதை, முடிந்தால் கிருமியை வளர்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது. புண் இன்னும் ஆறாத குழந்தைக்குக் காத்திருக்க முடியாது. புண் ஆறிவிட்டது, ரத்தக்கசிவும் இல்லை, குழந்தை ஓடியாடுகிறது என்றால், சில மருத்துவர்கள் அடுத்த சுற்றை அவசரப்பட்டுத் தொடங்குவதில்லை. இன்னும் சில வருடம் போனால் குழந்தைக்குப் பற்கள் முழுமையாக உருவாகியிருக்கும்; கூடுதல் மருந்துகளும் அப்போது கைக்கு வரும். அதுவரை எடையும் ஹீமோகுளோபினும் பார்த்துக்கொண்டு, வலி, கறுத்த மலம், வாந்தி என்று எதுவும் வந்தால் உடனே கூட்டிவரச் சொல்லி அனுப்புகிறார்கள்.